சொல்லி வைத்தவர்கள்

அந்த ஐப்பசிச் சனிக்கிழமை பிற்பகல் மூன்று நாற்பதுக்கு, ராமநாதபுரத்தில் என் அச்சகத்தின் தொலைபேசி அடித்தது. நிமிடம் வரை நினைவிருக்கக் காரணம், அப்போது நான் சுவர்க் கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ராமேசுவரம் பேருந்து நிலையத்துக்கு வந்ததும் கூப்பிடுகிறேன், இரண்டு மணிக்குள் கூப்பிட்டுவிடுவேன் என்று காலையில் என் மகள் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். இரண்டு மணி என்று அவள் சொன்னால் இரண்டேகாலுக்கு நான் கடிகாரத்தை முறைக்கத் தொடங்கிவிடுவேன். மூன்று நாற்பதுக்குள் நான்கு முறை ரிசீவரை எடுத்து, அதற்கு உயிர் இருக்கிறதா என்று காதில் வைத்துப் பார்த்திருந்தேன்.

கூப்பிட்டது அவள் அல்ல, அவளுடன் போன தோழி. குரல் காற்றுக்குள்ளிருந்து வந்தது.

"அங்கிள், தனுஷ்கோடியில இருந்து நாங்க மூணு பேரு மொத வண்டியில வந்துட்டோம். அவளும் இன்னொருத்தியும் அடுத்த வண்டியில ஏறுனாங்க. அந்த வண்டி இன்னும் வரல. பயங்கரமா காத்தடிக்குது அங்கிள். பூத்துக்காரரு கடைய அடைக்கிறாரு, வச்சிரவா?"

வைத்துவிட்டாள்.

அன்று ராமேசுவரத்திலிருந்து மூன்றாம் சத்திரம் வரைதான் தார்ச்சாலை. அதற்கப்பால் தனுஷ்கோடிக்கு மணலும், மணல் இல்லாத இடத்தில் கடல் தண்ணீரும்தான் வழி. அந்த மணலில் ஓடுவதற்கென்றே பழைய வேன்கள் சில இருந்தன. காற்று திசை மாறினால் தண்ணீர் ஏறும். தண்ணீர் ஏறினால் வண்டி புதையும். எங்கள் ஊரில் புயல் என்று பொதுவாகச் சொன்னால் அது அறுபத்து நான்காம் வருடத்துப் புயல்தான், மற்றதெல்லாம் மழை. அந்தப் புயல் தின்ற ஊருக்கு, ஐப்பசி மாதத்தில், படம் எடுக்க வேண்டும் என்று கல்லூரிப் பெண்கள் ஐந்து பேர் கிளம்பினார்கள். போக வேண்டாம் என்று நான் ஏழு முறை சொன்னேன். எட்டாவது முறை, சரி போ என்றேன். அந்த எட்டாவது முறையை நான் இன்றும் சுமந்துகொண்டிருக்கிறேன்.

"ஏங்க, கெளம்புங்க. பஸ்ஸப் புடிச்சாவது போவோம்" என்றாள் மனைவி. அச்சகத்துக்குப் பின்கட்டில்தான் எங்கள் வீடு. அவள் அதற்குள் செருப்பு மாட்டியிருந்தாள். ராமநாதபுரம் பேருந்து நிலையத்துக்குத் தொலைபேசி செய்து கேட்டேன். பாலத்தில் காற்று பலமாக இருப்பதால் பேருந்துகளை மண்டபத்திலேயே நிறுத்திவிட்டார்கள், ரயிலும் நின்றுவிட்டது என்றார்கள். ஆக, தீவுக்குள் யாரும் போக முடியாது. என் மகளுக்கு யாராவது உதவ வேண்டும் என்றால் அவர்கள் ஏற்கெனவே தீவுக்குள் இருக்கிறவர்களாக இருக்க வேண்டும்.

எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. தீவுக்குள் எனக்கு ஆள் இருந்தது. ஆள் என்ன, ஆல்பமே இருந்தது.

அந்த ஆல்பத்தைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது.

எழுபத்து நான்கில், பி.யூ.சி. முடித்த கையோடு, நான் அச்சுக் கோக்கும் வேலையில் சேர்ந்தேன். பின்னால் சொந்தமாக அச்சகம் வைத்தேன். அதன் பின்னால் கணினி வைத்தேன். கணினி வைத்தபோது ஊரில் இன்னும் ஆறு பேர் கணினி வைத்தார்கள். வாடிக்கையாளர் வேண்டும் என்றால் நாமே போய்ப் பழக வேண்டும் என்று சொன்னார்கள். அப்படித்தான் தொழில் செய்பவர்கள் ஒன்றுகூடும் ஒரு சங்கத்தில் சேர்ந்தேன். வெள்ளிக்கிழமை தோறும் காலை ஏழரைக்கு, குளிர்சாதன வசதி செய்த ஒரு லாட்ஜ் ஹாலில் கூட்டம். வெண்பொங்கல், வடை, காபி. ஒவ்வொருவரும் எழுந்து ஒரு நிமிடம் தம் தொழிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிறகு விசிட்டிங் கார்டு மாற்றிக்கொள்ள வேண்டும். வாங்கி வந்த கார்டுகளையெல்லாம் நான் ஓர் ஆல்பத்தில் செருகி வைத்தேன். ராமேசுவரத்துக்காரர்களும் காரில் வந்து கலந்துகொள்வார்கள்.

வெறும் வியாபாரத்துக்காக மட்டும் சேர்ந்தேன் என்று சொன்னால் பொய். பெண்ணைப் பெற்றவன், நாளைக்கு ஒன்று என்றால் நாலு பேர் வேண்டும் என்று நினைத்தேன். அந்த நாலு பேரைத் தேடித்தான் வெள்ளிக்கிழமை தோறும் சட்டைக்கு இஸ்திரி போட்டேன்.

ஒரு சித்திரை மாதம் மதுரையிலிருந்து பயிற்சியாளர் ஒருவரை வரவழைத்தார்கள். ராமநாதபுரத்துச் சித்திரையில் அவர் கழுத்தில் டை கட்டியிருந்தார். அதற்காகவே அவர் சொன்னதை நம்பினோம். "கார்டு கொடுப்பது தொடர்பு அல்ல. மனிதரைத் தெரிந்துகொள்ளுங்கள். அவர் பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள், அவருக்கு உடம்புக்கு என்ன என்று கேளுங்கள். மனசார விசாரியுங்கள். விசாரித்ததும் மறந்துவிடாமல் கார்டின் பின்பக்கம் குறித்துக்கொள்ளுங்கள்" என்றார். அடுத்த வெள்ளிக்கிழமை நாற்பது பேரும் நாற்பது பேரிடமும் பிள்ளைகளைப் பற்றி மனசார விசாரித்தோம். அன்று பொங்கல் ஆறிப்போயிற்று. நான் வீட்டுக்கு வந்து குறித்ததெல்லாம் இன்னும் அந்த ஆல்பத்தில் இருக்கிறது: 'மூத்தவன் என்ஜினீயரிங், சேலம்.' 'சர்க்கரை. காபிக்குச் சீனி வேண்டாம்.' 'மாமியார் கண் ஆபரேஷன், கேட்கவும்.'

என் மகள் ஒரு நாள் ஆல்பத்தைப் புரட்டிவிட்டுக் கேட்டாள். "நீங்க வாராவாரம் போயி கார்டு குடுத்துட்டு வாரீங்க. ஒருத்தராச்சும் திருப்பிக் கூப்புடுறாங்களாப்பா?"

"அதெல்லாம் மெதுவாத்தான் பலன் குடுக்கும்" என்றேன். பயிற்சியாளர் அப்படித்தான் சொல்லியிருந்தார்.

எங்கள் சங்கம் ஒரு சொல்லின் மேல்தான் நின்றுகொண்டிருந்தது என்று இப்போது தோன்றுகிறது. 'செய்கிறேன்' என்று சொன்னால் செய்ய வேண்டியிருக்கும். 'முடியாது' என்றால் மனத்தாங்கல். இரண்டுக்கும் நடுவே தமிழ் ஒரு வசதி செய்து கொடுத்திருக்கிறது: 'சொல்லி வைக்கிறேன்.' யாரிடம், எப்போது, எதை என்பதெல்லாம் அதில் வராது. ஊறுகாய் போட்டு வைப்பதுபோல, விறகு வெட்டி வைப்பதுபோல, சொல்லையும் ஓரமாக வைத்துவிடலாம். வெள்ளிக்கிழமை ஒன்றுக்கு அந்தச் சொல்லை நாற்பது முறையாவது கேட்பேன். நானும் என் பங்குக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்.

இந்தச் சமயத்தில்தான் அந்த மீன்கார அம்மா அச்சகத்துக்கு வந்தார். ராமேசுவரத்தில் வீடு. தனுஷ்கோடிக் கரையில் மீனும் நண்டும் எடுத்து, ஐஸ் பெட்டி வைத்த வேனில் ராமநாதபுரம் கொண்டுவந்து ஓட்டல்களுக்கும் வீடுகளுக்கும் கொடுக்கிறவர். ஐம்பது வயது இருக்கும். வாசலில் நின்றே கேட்டார்.

"கார்டு அடிக்கணும் சார். ஓட்டல்ல சமைக்கிறவுக எல்லாம் நம்பரு குடு நம்பரு குடுங்கிறாக. எனக்கு ஏது போனு? மீன் மார்க்கெட்டுக்கிட்ட வண்டி நிப்பாட்டுறேன்ல, அங்கன டீக்கடை நம்பரு இருக்கு. அதப் போடுங்க. ஒரு மீன் படமும் போட்டுருங்க."

கணினியில் நான் வைத்திருந்த ஒரே கடல் உயிரினம் டால்பின். அதைத் திரையில் காட்டினேன்.

"ஆத்தாடி! இதப் போட்டு யாவாரம் பண்ணுனா என்னையப் புடிச்சு உள்ள வச்சிருவாக. வேற மீன் இல்லியா?"

ஜாதக நோட்டு அட்டைக்காக வைத்திருந்த ராசிப் படங்களில் மீன ராசி இருந்தது. ஒன்றன் வாலை ஒன்று பார்த்தபடி இரண்டு மீன்கள். அதைப் போட்டேன். "இது என்ன மீனுன்னு தெரியல, ஆனா நல்லாருக்கு" என்று ஒப்புக்கொண்டார். ஐந்நூறு கார்டு. பிழை திருத்தியது நானேதான். அச்சு எழுத்தைத் தலைகீழாகவும் கண்ணாடியில் தெரிவதுபோலவும் படித்துப் பழகிய கண் என்னுடையது. அந்தக் கண்ணை நான் அதிகம் நம்பினேன்.

மூன்றாம் நாள் காலை தொலைபேசி அடித்தது. "சீலா இருக்கா?"

"இது அச்சகம்" என்றேன்.

"சரி, அச்சடிச்சு முடிச்சிட்டே சொல்லுங்க. சீலா இருக்கா இல்லையா?"

அன்று மட்டும் மீன் கேட்டு எட்டு அழைப்புகள். கார்டை எடுத்துப் பார்த்தேன். டீக்கடை எண்ணுக்கும் அச்சக எண்ணுக்கும் கடைசி இரண்டு இலக்கங்கள்தான் இடம் மாறியிருந்தன. நான் அவற்றை அன்போடு என் பக்கமாகவே மாற்றிக் கொடுத்திருந்தேன். என்னுடைய கார்டில் 'பிழையில்லா அச்சுக்கு அணுகவும்' என்று போட்டிருந்தது. அதனால் உடனே போய் ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

மகளுக்குக் கல்லூரி பத்து மணிக்கு. அதற்கு முன்னால் அச்சகத்தில் வந்து உட்காருவாள். நான் 'தப்பான நம்பர்' என்று வைத்துவிடும் அழைப்புகளை அவள் எடுத்துப் பேச ஆரம்பித்தாள். மேசையில் சங்கத்து உறுப்பினர்களின் கழிவுக் கார்டுகள் கட்டுக் கட்டாகக் கிடந்தன. அவற்றின் பின்பக்கம் எழுதி ஆணியில் குத்தி வைப்பாள். முன்பக்கம் 'மாவட்டத் துணைத் தலைவர்' என்று தங்க எழுத்தில் இருக்கும். பின்பக்கம் 'சீலா ரெண்டு, முள் எடுத்து, பன்னிரண்டு மணிக்குள்.' வேன் வந்து நின்றதும் சைக்கிளில் போய் அந்த அம்மாவிடம் கொடுத்துவிட்டுக் கல்லூரிக்குப் போவாள். பிறகு கரையிலிருந்தும் அழைப்பு வரத் தொடங்கியது. அந்த அம்மா மூன்றாம் சத்திரம் வரைக்கும் கார்டு கொடுத்திருந்தார் போலிருக்கிறது. காலை எட்டரைக்குக் காற்றுச் சத்தத்தோடு ஒரு முரட்டுக் குரல் வரும்: "பாப்பா, நண்டு நாலு கூடை கெடக்கு. அக்காகிட்டச் சொல்லி விட்டுரு."

"சொல்லி விட்டுர்றேன்ணே. ஊளி கிடைச்சுதா? நேத்துக் கேட்டாங்க."

"நாளைக்குப் பாப்போம் பாப்பா. காத்து சரியில்ல."

கடைசியில் மகள்தான் அந்த அம்மாவிடம் பிழையைச் சொல்லியிருக்கிறாள். புதிதாக அடித்துக் கொடுக்கிறோம் என்றும் சொல்லியிருக்கிறாள். அந்த அம்மா அச்சகத்துக்கே வந்துவிட்டார். திட்டப் போகிறார் என்று நான் எழுந்து நின்றேன்.

"வேணாம் சார், இதுவே இருக்கட்டும். டீக்கடைக்குப் போனு வந்தா எவன் எடுக்கான்? எடுத்தாலும் எவன் சொல்றான்? இந்தப் பிள்ளை எழுதி வச்சில்ல சொல்லி விடுது."

பிழை திருத்துவதையே தொழிலாகக் கொண்டவனிடம், பிழையே நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். போகும்போது ஒரு பையில் நண்டு வைத்துவிட்டுப் போனார்.

எனக்கு அதில் பெருமை ஒன்றும் இல்லை. அந்த வெள்ளிக்கிழமை, ராமேசுவரத்தில் சுற்றுலா வேன்கள் வைத்திருக்கும் உறுப்பினர் எல்லாரும் கேட்கும்படி சொன்னார். "அண்ணே, பில் புக்கு அடிக்கணும்னு ஒங்களுக்கு போன் பண்ணேன். ஒங்க பொண்ணு 'முள்ளோடவா, முள் எடுத்தா?'ன்னு கேக்குது!" ஹால் முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து மகளிடம், இது அச்சகமா மீன் கடையா என்று கத்தினேன். அவள் அந்த அழைப்புகளை மறுநாளும் எடுத்தாள்.

சங்கத்தில் ஒரு வாரம், தொழில் செய்யும் புதியவர் ஒருவரை விருந்தினராக அழைத்து வரச் சொன்னார்கள். எனக்கு அந்த மீன்கார அம்மா நினைவுக்கே வரவில்லை என்று எழுத ஆசை. வந்தார். குளிர்சாதனத்துக்காக ஹாலின் கதவுகளை மூடி வைத்திருப்பார்கள் என்பதும் கூடவே நினைவுக்கு வந்தது. ஒரு சிமெண்ட் வியாபாரியை அழைத்துப் போனேன்.

இனி அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன்.

முதலில் ராமேசுவரம் காவல் நிலையத்துக்குப் பேசினேன். எடுத்தவர் பெண்களின் பெயர், வயது எல்லாம் கேட்டுக் குறித்துக்கொண்டு, சத்திரத்துப் பக்கம் ஆள் போயிருக்கிறது என்றார். அன்று பிற்பகல் நான் பேசியவர்களில் 'சொல்லி வைக்கிறேன்' என்று சொல்லாதவர் அவர் ஒருவர்தான். ஆனால் அவரை எனக்குப் பழக்கமில்லை. பழக்கமில்லாதவர் சொல்வதை எப்படி நம்புவது? ஆல்பத்தைத் திறந்தேன்.

ராமேசுவரத்து லாட்ஜ் அதிபர் உடனே எடுத்தார். என்னைவிட மூத்தவர்.

"அடடே, தம்பியா! பாப்பா நல்லாருக்கா? பி.காம் மூணாவது வருசம்ல?"

என் மகளின் படிப்பு அவருக்கு நினைவிருந்தது. பயிற்சி நன்றாகவே வேலை செய்திருக்கிறது. அந்தப் பாப்பாதான் தனுஷ்கோடியில் மாட்டிக்கொண்டிருக்கிறாள் என்றேன். மறுமுனையில் உண்மையாகவே பதறினார்.

"அய்யய்யோ! இந்தக் காத்துலயா? நீங்க ஒண்ணும் கவலப்படாதீக தம்பி. நம்ம வேன்காரர்ட்ட ஒரு வார்த்தை சொல்லி வைக்கிறேன்."

"அண்ணே, ஒங்க லாட்ஜு வாசல்லயே ஜீப்பு நிக்கும்ல, அத..."

"ஜீப்பு நிக்கிது தம்பி. டிரைவரு சாப்பிடப் போயிருக்கான்."

மணி நான்கு.

வேன்காரரை நானே கூப்பிட்டேன். "வெள்ளிக்கெழமையே ஒரு வார்த்தை சொல்லிருந்தா நம்ம வண்டியிலயே அனுப்பிருப்பேன்ல அண்ணே" என்று குறைப்பட்டுக்கொண்டார்.

"அது போகட்டும். இப்ப ஒரு வண்டி அங்கன போக முடியுமா?"

"நம்மது எல்லாம் புது வண்டிண்ணே. உப்புத் தண்ணி பட்டா போச்சு. ஒண்ணு செய்யிறேன். செயலாளருக்குத் தாலுகா ஆபீஸ்ல ஆளு இருக்கு, அவர்ட்டச் சொல்லி வைக்கிறேன்."

பக்கம் பக்கமாகப் புரட்டினேன். கூப்பிடக் கூப்பிட எல்லாரும் எடுத்தார்கள். அதை நான் மறைக்கக் கூடாது. எல்லாரும் என் மகளை விசாரித்தார்கள். எல்லாரும் சொல்லி வைப்பதாகச் சொன்னார்கள். காப்பீட்டு முகவர் ஒருவர் முழுக்கக் கேட்டுவிட்டு, "பாப்பா பேர்ல பாலிசி ஏதும் போட்டிருக்கீங்களா சார்?" என்றார். கேட்ட மறுநொடியே, "தப்பா நெனச்சுக்காதீங்க சார்" என்றார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. அது பல வருடப் பழக்கம்.

மனைவி வாசலுக்கும் மேசைக்குமாக நடந்துகொண்டிருந்தாள். செருப்பை இன்னும் கழற்றவில்லை. "ஏங்க, அந்த மீன்கார அக்காவுக்கு ஒரு போன் போட்டா என்ன?"

"அவங்க என்ன செய்வாங்க? மீன் விக்கிறவங்க."

"நீங்க பேசிக்கிட்டிருக்கீகளே, அவுகள்லாம் என்ன விக்கிறாக?"

அந்த மீன ராசிக் கார்டு ஆல்பத்தில் இல்லை. அதற்கு நான் இடம் கொடுத்திருக்கவில்லை. இழுப்பறையைக் கிளறி எடுத்தேன். எடுத்துப் பார்த்தால், அவரைக் கூப்பிட அதில் இருந்தது என் எண். என்னை நானே கூப்பிட்டுக்கொள்ளலாம். கடைசி இரண்டு இலக்கங்களை மாற்றிப் போட்டேன். டீக்கடையில் மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மழைக்குக் கடையை அடைத்துவிட்டார்கள். மறுபடியும் ஆல்பத்துக்கே போனேன். லாட்ஜ் அதிபரை இரண்டாவது முறை கூப்பிட்டேன். டிரைவர் சாப்பிட்டு வந்துவிட்டானாம். ஆனால் சாவி மேனேஜரிடம் இருக்கிறதாம். மேனேஜரிடம் சொல்லி வைத்திருக்கிறாராம்.

ஐந்தரை மணிக்கு, நான் ரிசீவரைக் கீழே வைத்து மூச்சு வாங்கிய ஒரு நிமிட இடைவெளியில், மணி அடித்தது. பாய்ந்து எடுத்தேன். சங்கத்தின் செயலாளர்.

"தலைவரே, ஒரு அவசரம். தனுஷ்கோடியில நம்ம உறுப்பினர் ஒருத்தரோட பொண்ணு மாட்டிக்கிருச்சாம். வரிசையா நாலஞ்சு பேரு போன் பண்ணிட்டாங்க. தாலுகா ஆபீஸ்ல என் ஆளு லீவுல இருக்காரு. ஒங்களுக்குத்தான் அந்தப் பக்கம் மீன்காரங்க எல்லாம் பழக்கமாமே? கொஞ்சம் சொல்லி வைங்களேன்."

நான் சொன்னது எல்லாரிடமும் போய், ஒருவர் விடாமல் சுற்றி, ஒரு வார்த்தை சிந்தாமல் என்னிடமே வந்து சேர்ந்துவிட்டது. சங்கத்தின் தொடர்பு வலையில் ஓட்டை இருக்கிறது என்று இனி யாரும் சொல்ல முடியாது.

"அது என் பொண்ணுதான் சார்" என்றேன்.

"அய்யோ! ஒங்க பொண்ணா? பி.காம் படிக்குதே, அதா?"

அதன் பிறகும் நான் கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தேன். நம்பிக்கையினால் அல்ல. விரலை நிறுத்தினால் அந்த மணலும் தண்ணீரும் கண்ணுக்குள் வந்துவிடும். கடைசி மூன்று பக்கங்களில் இருந்தவர்கள் பரமக்குடிக்காரர்கள். கைத்தறிச் சேலை வியாபாரம். அவர்களையும் கூப்பிட்டேன். தனுஷ்கோடியில் கடல் ஏறுவதற்குப் பரமக்குடியில் சேலை விற்பவர் என்ன செய்வார்? அவரும் சொல்லி வைப்பதாகச் சொன்னார். இரண்டு முறை சொன்னார். நான் நன்றி சொன்னேன். மனைவி சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவள் அழவில்லை. அழாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டாவது முறை சரி என்று சொன்னவன் நான்.

ஏழு பத்துக்கு அச்சகத்து வாசலில் ஒரு வண்டி வந்து நின்றது. ஜீப்பு அல்ல, புது வேனும் அல்ல. வண்டிக்கு முன்னால் அதன் வாடை உள்ளே வந்தது. மனைவி எழுந்து ஓடியதில் ஆணியில் இருந்த கார்டுகள் எல்லாம் சிதறின.

மகள் வேனின் முன்சீட்டிலிருந்து இறங்கினாள். யாருடையதோ ஒரு பழைய சேலையைச் சால்வைபோலச் சுற்றியிருந்தாள். தலையெல்லாம் மணல். அவள் அம்மா அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு முதுகில் நாலு அடி அடித்தாள். நான் ரிசீவரைக் கையில் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தேன். இன்னொரு பெண்ணை அவள் வீட்டில் இறக்கிவிட்டுத்தான் வந்தார்கள் என்றும், முதல் வண்டியில் வந்த மூவரையும் பாலம் திறந்ததும் பேருந்தில் ஏற்றி அனுப்பியாயிற்று என்றும் மகள் சொன்னாள். மற்றதை ஒரே மூச்சில் கொட்டினாள்.

பழைய தேவாலயத்துக்குக் கொஞ்சம் இந்தப் பக்கம் வண்டி புதைந்திருக்கிறது. இரண்டு பக்கமும் தண்ணீர். குடிசைகளிலிருந்து ஆட்கள் கயிறோடு வந்து இழுத்திருக்கிறார்கள், வண்டி அசையவில்லை. இவள் காற்றுக்கு மேலே கத்தியிருக்கிறாள்: "அண்ணே, சத்திரத்துக்கு வேற வண்டி எதுவும் போகுமா?"

கயிறு இழுத்தவர்களில் ஒருவர் கயிற்றை விட்டுவிட்டுத் திரும்பியிருக்கிறார். "ஏலே, இரு இரு. இது அச்சாபீசு பாப்பா கொரல்ல?"

காலை எட்டரை மணி முரட்டுக் குரல். ஒருவர் முகத்தை ஒருவர் அதுவரை பார்த்ததில்லை. மீன் ஏற்றப் போகும் பழைய வண்டியில், நண்டுக் கூடைகளுக்கு மேல் இரண்டு பெண்களையும் உட்கார வைத்து, தண்ணீர் ஏறாத மேட்டுவழியாகச் சத்திரத்துக்குக் கொண்டுவந்திருக்கிறார். அங்கே ஐஸ் பெட்டியோடு நின்றிருந்த மீன்கார அம்மாவிடம் ஒப்படைத்தபோது மணி நாலே கால். அவர் தம் வீட்டுக்கு அழைத்துப் போய்த் தலை துவட்டிச் சோறு போட்டிருக்கிறார். கணக்குப் பார்த்தால், நான் லாட்ஜ் அதிபரை இரண்டாவது முறை கூப்பிட்ட நேரத்தில் என் மகள் இரண்டாவது முறை சோறு வாங்கியிருக்கிறாள். பாலம் திறக்கும் வரை அங்கேயே இருந்து, திறந்ததும் கிளம்பி வந்திருக்கிறார்கள்.

அந்த அம்மா கடைசியாக இறங்கி வாசலில் வந்து நின்றார். நான் கூப்பிடட்டும் என்று காத்திராமல் அவர் தாமாகவே உள்ளே வந்தார். விரித்துக் கிடந்த ஆல்பத்தைப் பார்த்தார். என் கையில் இருந்த ரிசீவரைப் பார்த்தார். ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, அதை என்னிடமிருந்து வாங்கி அதன் இடத்தில் வைத்தார்.

"பிள்ளைய எங்கிட்ட விட்டாகன்னு சொல்றதுக்கு நாலரை மணியிலருந்து அடிக்கிறேன் சார். பக்கத்து வீட்டுப் போன்ல இருந்து எத்தன வாட்டி! எங்கேஜ், எங்கேஜ்னே வருது. பெத்த மனசு பதறுமேன்னு எனக்குச் சோறு எறங்கல. அப்பிடி யாருகிட்டதேன் பேசிக்கிட்டிருந்தீக?"